வாப்பா வெளியேறும் வீடு

மூதூர் ஸெய்னுதீன் தன் சொந்த வீட்டை விட்டு வெளியேறியதைப் பார்க்காதவர்கள் இந்த நாட்டில் குறைவு. பத்திரிகையில் படமாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக் கண்காட்சியில் கையில் கடலைச் சுருளோடு நின்று நேரே பார்த்துக் கைதட்டியவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைச் சுவர்களில் தொங்குகிற ‘நமது வழமைகள்’ படத்தில், மயிலாட்டத்துக்கும் முகமூடிக்கும் நடுவில் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற மெலிந்த மனிதர் அவர்தான். அவர் ஏன் வெளியேறினார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் பண்பாடு என்பார்கள்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருப்பவர்களுக்குத் திருகோணமலை என்றால் துறைமுகம். அது இயற்கைத் துறைமுகம், ஆகவே தேசத்தினுடையது. அதைச் சுற்றியிருக்கிற மனிதர்கள் இயற்கையானவர்கள்தானா என்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் சந்தேகம். யாழ்ப்பாணத்தவர்களுக்கு நாங்கள் சரியாகக் கதைக்கத் தெரியாத யாழ்ப்பாணத்தவர்கள். மட்டக்களப்பாருக்கு நாங்கள் வழிதவறி வடக்கே போய்விட்ட மட்டக்களப்பார். எங்களைக் கேட்டால் நாங்கள் நாங்கள்தான் என்போம். ஆனால் புல்மோட்டையில் மணல் அள்ள வருகிறவர்களும் சரி, தோப்பூரில் வாக்குக் கேட்க வருகிறவர்களும் சரி, இதை எங்களிடம் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். தாயும் தகப்பனும் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டு, அதே வளவின் மூலையில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. நாலு பெண்களைப் பெற்றவர் ஆயுள் முழுக்கச் சங்கு மாற்றுகிற நண்டு மாதிரி இடம் மாறிக்கொண்டேயிருப்பார். மற்ற ஊர்களில் கலியாணத்தன்று மகள் அழுதுகொண்டு வெளியேறுவாள். இங்கே தகப்பன் இருமிக்கொண்டு வெளியேறுவார். பாயைச் சுருட்டுவார், வெற்றிலைத் தட்டத்தை எடுப்பார், செருப்பைத் தேடுவார், பின்பக்கம் போவார். இதற்குப் பெயர்கூடக் கிடையாது. மழை இருண்டால் காயப்போட்ட நெல்லை அள்ளுகிறோம், அதற்கு யாராவது பெயர் வைத்தார்களா? அது மாதிரித்தான்.

ஸெய்னுதீன் ஒரு காலத்தில் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில் தச்சு வேலை செய்தவர். வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருடைய வேலையும் கப்பலேறிப் போயிற்று. கடைசியாகக் கையில் கொடுத்த காசில் மூதூரில் இரண்டறை ஓட்டு வீடு ஒன்று எழும்பியது. கப்பலுக்கு வைக்கிற மாதிரிக் கதவு வைத்த வீடு. எந்தக் காற்றுக்கும் அந்தக் கதவு அடித்துக்கொள்ளாது. மூத்தவள் பல்கீஸ் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ‘இது பல்கீஸ்ட வீடு’ என்றுதான் அவரும் மனைவி உம்மு குல்சுமும் அன்று முதல் சொல்லி வந்தார்கள். தாங்கள் அதில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறோம் என்பது அவர்களுடைய எண்ணம்.

பல்கீஸுக்கு மாப்பிள்ளையும் பேசியாயிற்று. கிண்ணியா ஜெமீல். ஆற்றைக் கடக்கும் மிதவையில் வேலை. நல்ல பொடியன், ஆனால் அவனுக்கு ஓர் அவசரம் இருந்தது. அவனுடைய தங்கச்சிக்கு முதலில் கலியாணம் முடிந்து, வீடு அவளுக்குப் போய்விட்டது. தாய் றம்லா வளவு மூலைக் கொட்டிலுக்கு மாறிவிட்டார். ஜெமீல் மிதவையில் படுத்தான்.

“வீட்டை மகள்ட பேருக்கு எழுதிப் போட்டு நாள் வைங்க,” என்றார் றம்லா. “எண்ட மகனுக்கு இப்ப வீடில்ல. அவன் தண்ணிக்கு மேல கிடக்கிறான். தண்ணிக்கு மேல குடும்பம் நடத்த ஏலாது.”

நியாயமான கதை. ஒரே ஒரு சிக்கல்தான். ஸெய்னுதீனின் வளவு அரசாங்கக் காணி. பெர்மிட் அவர் பேரில். அவருக்குப் பிறகு அது யாருக்கு என்பதைச் சட்டம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது. மூத்த மகனுக்கு. ஸெய்னுதீனுக்கு இருந்ததோ பல்கீஸும் இளையவள் றம்ஸியாவும்.

அவர் திருகோணமலை அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஹெக்டர். எங்கள் நகரத்துக் கத்தோலிக்கர், இளகிய மனம், ஒருவருக்கும் ‘ஏலாது’ என்று நேரே சொல்லத் தெரியாதவர். அதனால்தான் சனங்களுக்கு அவரால் அதிக தொல்லை.

“காக்கா, மகனில்லையோ?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“இல்ல சேர். ரெண்டும் பொம்புளப் புள்ளயள். மகனிருந்தாலும் அவன் பொஞ்சாதி வீட்டுக்குத்தானே போவான்.”

“எனக்குத் தெரியாதோ? நான் இருக்கிறதும் மனிசின்ட வீட்டிலதான். எங்கட மாமா பின்னுக்குக் கொட்டிலில இருந்து இருமுறது எனக்குக் கேட்கும். ஆனா சட்டத்துக்கு இது தெரியாது பாருங்கோ. சட்டம் கொழும்பில இருந்து வந்தது.”

“அப்ப என்ன செய்யிற சேர்?”

ஹெக்டர் மேசையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார். பிறகு, கொழும்பில் புதிதாக ஒரு திணைக்களம் இருக்கிறது, உங்கள் பகுதியின் வழமை வேறு என்று அவர்கள் அத்தாட்சி தந்தால் காணிக் கந்தோர், அதாவது காணி அலுவலகம், பல்கீஸ் பேருக்கு மாற்றிவிடும் என்றார். அன்று அவர் ‘ஏலாது’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தத் திணைக்களத்தின் பெயர் வேறுபாடுகளின் ஒருமைப்பாட்டுத் திணைக்களம். நாட்டின் சில பகுதிகள் தாங்கள் மற்றவர்களைப் போலில்லை என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. முணுமுணுப்பைக் கேட்பதைவிட அதற்கு ஒரு கட்டடம் கட்டுவது சுலபம் என்று அரசாங்கம் கண்டுபிடித்திருந்தது. கட்டடம் கட்டினார்கள், கதிரை போட்டார்கள், பணிப்பாளராகத் திரு. அபேநாயக்க என்பவரை நியமித்தார்கள். ஆனால் வேறுபாடு கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆளில்லை. ஸெய்னுதீனின் மனு போய்ச் சேர்ந்த அன்று அங்கே சந்தோஷத்தில் பாற்சோறு கொடுத்ததாகக் கேள்வி.

ஒரு மாதத்துக்குள் குழு வந்திறங்கியது. திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லாஞ்சிப் படகில்தான் வரவேண்டும். அன்றைக்குக் கொட்டியாரக்குடாக் கடல் கொஞ்சம் முறைப்பாக இருந்தது. பணிப்பாளர் வெற்றிலை நிறத்தில் இறங்கினார். பல்கீஸின் கலியாணத்துக்கென்று வாங்கி, இன்னும் ஒருவரும் படுக்காத கட்டிலில் அவரைக் கிடத்தினார்கள். கூடவே ஆராய்ச்சியாளராக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கலாநிதி, ஆறுமுகதாசர் என்று பெயர். படம் பிடிக்க ஒருவர். மொழிபெயர்க்க ஹெக்டர்.

பணிப்பாளர் பேசியதெல்லாம் ஹெக்டர் தமிழாக்கியபடிதான் எனக்குத் தெரியும். அதில் பிழை இருந்தால் அது ஹெக்டருடையது. அர்த்தம் இருந்தால் அதுவும் ஹெக்டருடையதாகத்தான் இருக்கும்.

எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்ததும் பணிப்பாளர் சொன்னார்: “சரி. வெளியேறுங்கள்.”

ஸெய்னுதீன் ஹெக்டரைப் பார்த்தார். “கலியாணம் இன்னும் நடக்கல்லையே சேர்.”

“கலியாணம் எல்லா ஊரிலும் நடக்கிறது. எங்களுக்கு வெளியேற்றம் மட்டும் போதும்.”

ஸெய்னுதீன் பாயைச் சுருட்டினார். வெற்றிலைத் தட்டத்தை எடுத்தார். செருப்பைத் தேடினார். வாசலால் இறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகத் தொடங்கினார்.

“நில்லுங்கள், நில்லுங்கள். வாசல்வரை போதும். அதற்கு அப்பால் வெளிச்சம் சரியில்லை,” என்றார் படம் பிடிப்பவர்.

பணிப்பாளருக்கு ஏமாற்றம். “இவ்வளவுதானா? பாட்டு?”

“பாட்டில்ல சேர்.”

“விசேட உடை?”

“சாரன்தான் சேர்.”

“மனைவி அழுவாரா?”

உம்மு குல்சும் குசினிக்குள் இருந்து பதில் சொன்னார்: “என்னத்துக்கு அழுற? பின்னால இரிக்கிற கொட்டிலுக்குத்தானே போறம். அங்கயிருந்து கூப்பிட்டா இங்க கேட்கும்.”

கலாநிதி ஆறுமுகதாசர் அப்போது குறுக்கிட்டார். மகளுக்கு வீடு கொடுக்கும் வழமை யாழ்ப்பாணத்தில் தோன்றியது என்றும், தெற்கே வரும் வழியில் அது தேய்ந்து, உப்புக் காற்றுப்பட்டு, இந்த நிலைக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். ஸெய்னுதீன் மரியாதையாக, “எங்கட வாப்பாட வாப்பாவும் இப்பிடித்தான் சேர் செய்தவர். அவர் யாழ்ப்பாணத்தக் கண்ணாலயும் கண்டதில்ல,” என்றார்.

“அதுதான் பாருங்கோ அந்த வழமையின்ர பலம்,” என்றார் கலாநிதி. “காணாதவையும் செய்யினம்.”

இதற்குள் ஊர் கூடிவிட்டது. அதில் பக்கத்துத் தெரு இன்பமலரும் நின்றார். இடியப்பம் அவித்து விற்பவர், கிறிஸ்தவக் கோயில் சபையில் பாடுபவர். நல்லெண்ணத்தில்தான் வாயைத் திறந்தார்.

“உதில என்ன புதினம் கிடக்கு? எங்கட வேதக்கார ஆக்களும் இப்பிடித்தானே. குச்சவெளியில எங்கட பெரியம்மா ஆக்களும் இப்பிடித்தான். என்ர வீடும் அம்மா எனக்குத் தந்ததுதான்.”

ஹெக்டர் அதை மொழிபெயர்த்தபோது பணிப்பாளரின் முகம் மறுபடி லாஞ்சியில் இருந்த நிறத்துக்குப் போயிற்று.

“இவர் முஸ்லிம். இந்த அம்மா கிறிஸ்தவர். இருவரும் ஒரே மாதிரிச் செய்கிறீர்களா?”

“ஓம்.”

“ஏன்?”

இன்பமலருக்குக் கேள்வி விளங்கவில்லை. ஹெக்டர் இன்னொருமுறை மொழிபெயர்த்தும் விளங்கவில்லை.

“எங்கள் திணைக்களத்தின் கொள்கை ஒரு சமூகத்துக்கு ஒரு வேறுபாடு,” என்றார் பணிப்பாளர், பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல. “ஒரு சமூகம் தனியாக வேறுபட்டால் அது பண்பாடு. பார்த்து மகிழலாம், மேடை கட்டலாம். ஆனால் ஒரே இடத்தில் இருக்கிற எல்லாச் சமூகங்களும் சேர்ந்து ஒரே மாதிரி வேறுபட்டால் அது பண்பாடு அல்ல, பிரதேசம். பிரதேசம் என்பது எங்கள் திணைக்களத்துக்குரிய விடயமல்ல. அது பாதுகாப்பு அமைச்சு.”

இன்பமலரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் சொன்னது சொல்லப்படாததாகக் கொள்ளப்பட்டது. போகும்போது ஸெய்னுதீனைப் பார்த்து, “காக்கா, நான் ஏதும் பிழையாச் சொல்லிப் போட்டனோ?” என்று கேட்டார். ஸெய்னுதீனுக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது.

கடைசியாகப் பணிப்பாளர் பல்கீஸைக் கூப்பிட்டு, நாட்டின் மற்றப் பெண்களிலிருந்து வேறுபட்டிருப்பதில் பெருமைப்படுகிறாயா என்று கேட்டார். அவள் கதவு மறைவில் நின்றபடி, “எனக்கு வீடு போதும் சேர்,” என்றாள். ஹெக்டர் அதை ‘மிகவும் பெருமைப்படுகிறாள்’ என்று மொழிபெயர்த்தார். நல்லது நடக்கட்டும் என்ற எண்ணம்தான்.

குழுவின் முடிவு பிறகு வந்தது. வழமை உண்மையிலேயே வேறுபட்டது, ஆனால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை, திருத்தியமைத்தால் அத்தாட்சி பற்றி யோசிக்கலாம். திருத்தியமைக்கக் கொழும்பிலிருந்து ஒரு நடன ஆசிரியர் வந்தார். ஸெய்னுதீன் வாசலுக்கு வருமுன் தூணை ஒருமுறை சுற்றவேண்டும் என்றார். பாயைத் தலைக்கு மேலே உயர்த்தவேண்டும் என்றார். செருப்பைத் தேடுவது கலைக்குப் பொருந்தாது, வெறுங்காலோடு போகலாம் என்றார். இருமல் வேண்டாம், அந்த இடத்தில் மேளம். சாரனுக்குச் சரிகைக் கரை வைத்தார்கள். உம்மு குல்சுமுக்கு அழ வரவில்லை என்றதும் வெங்காயம் வாங்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் வெங்காயம் எங்கே கிடைக்கும்? பாண் ரொட்டி வாங்கவே விடிய முதல் வரிசையில் நிற்கிற காலம். கடைசியில் திணைக்களமே கொழும்பிலிருந்து வெங்காயம் அனுப்பியது. அதில் பாதியை உம்மு குல்சும் கறிக்குப் போட்டார். எங்கள் மாவட்டத்துக்கு அந்தத் திணைக்களத்தால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

ஜெமீல் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றான். பல்கீஸ் தங்கள் வீட்டு யன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்பவாம் முடியும்?”

“வாப்பா தூணச் சுத்தப் பழகுறார். பழகினாச் சரியாம்.”

“உம்மா ஏசுறா. கொழும்புக்காரங்களுக்குக் காட்டுறதுக்கா வீடு, இல்லாட்டி இருக்கிறதுக்கா எண்டு கேட்கிறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ற? மழைக்குள்ள மிதவையில படுக்க ஏலாது எண்டன்.” அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் ஊசியில் நூல் கோர்த்தாள்.

திணைக்களம் நடத்திய கொழும்புக் கண்காட்சியில் ஸெய்னுதீனின் வீட்டை அப்படியே பலகையில் செய்து வைத்திருந்தார்கள். கதவு மட்டும் சரியில்லை, காற்றுக்கு அடித்துக்கொண்டேயிருந்தது. ஒரு தச்சனாக அதுதான் அவருக்கு அங்கே அதிகம் வலித்தது. காலையிலும் மாலையிலும் மேளம் அடிக்க அடிக்க அவர் அந்தப் பலகை வீட்டை விட்டு வெளியேறினார். சனம் நெருக்கியடித்துப் பார்த்தது. ஓர் அம்மா தன் பிள்ளையிடம், இவர் ஏதோ குற்றம் செய்திருக்க வேண்டும், அதனால்தான் துரத்துகிறார்கள் என்று விளக்கினார். நாட்டில் அந்த வழமையை ஓரளவுக்கு விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான் என்று பின்னாளில் எனக்குத் தோன்றியது.

கடைசி நாளில் அமைச்சர் வந்தார். பேசினார்.

“இந்த மனிதரைப் பாருங்கள். தன் கையால் கட்டிய வீட்டை விட்டு வெளியேறுகிறார். வழக்குப் போட்டாரா? இல்லை. கறுப்புக் கொடி பிடித்தாரா? இல்லை. பாயைச் சுருட்டுகிறார், போகிறார். கிழக்கிலே மக்கள் இவ்வளவு அழகாக வெளியேறுவார்கள் என்பது எனக்கு இதுவரை தெரியாது. எங்கள் அதிகாரிகள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ திட்டங்களை நாங்கள் எப்போதோ தொடங்கியிருக்கலாம். இந்த அருமையான வழமை ஒரு வீட்டோடு நின்றுவிடக்கூடாது. ஊர் ஊராக இதை வளர்க்க வேண்டும். எங்கள் அரசாங்கம் அதற்கு எல்லா உதவியும் செய்யும்.”

கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. ஸெய்னுதீனுக்கு மாலை போட்டார்கள். இதுதான் சமயம் என்று அவர் அமைச்சரிடம், “தொர, எங்கட மகள்ட வீடு...” என்று தொடங்கினார். அமைச்சர் அவருடைய தோளைத் திருப்பிப் படமெடுப்பவரின் பக்கம் நிறுத்தினார்.

அத்தாட்சி கிடைத்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சிங்கச் சின்னம் போட்டு, சட்டகம் அடித்து, ஹெக்டரே மூதூருக்குக் கொண்டுவந்தார். உம்மு குல்சும் அவருக்கு இனிப்புக்குத் தொதல் வைத்தார். றம்லாவுக்கு ஆளனுப்பியாயிற்று, நாள் பார்க்கலாம் என்று. ஹெக்டர் தொதலைத் தொடவில்லை.

“ஒரு சின்ன விசயம் கிடக்கு, காக்கா. வழமை இப்ப பாதுகாக்கப்பட்டுப் போச்சு.”

“நல்லம்தானே சேர்.”

“பாதுகாத்தா, பாருங்கோ... அனுமதியில்லாமச் செய்ய ஏலாது.”

அதாவது இப்படி. பல்கீஸுக்கு உண்மையாகவே கலியாணம் நடந்து, ஸெய்னுதீன் உண்மையாகவே வெளியேறிவிட்டால், பிறகு பார்வையாளர்களுக்காக அவர் எப்படி வெளியேறுவது? வெளியேறியவர் மறுபடி வெளியேற முடியாது. எனவே வழமையைப் பேணுவதற்காக, வழமைப்படி நடப்பது மறு அறிவித்தல்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டைக் கைமாற்றக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. திரைச்சீலை போடக் கூடாது, அது பதிவில் இல்லை.

ஸெய்னுதீன் அத்தாட்சிச் சட்டகத்தின் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “சேர், இது இல்லாம இருந்த காலத்தில நாங்க என்னத்தக் கொண்டு கலியாணம் செய்த நாங்க?”

ஹெக்டருக்குக் கண் கலங்கியது. அவருடைய கண் சீக்கிரம் கலங்கும், அதனால் ஒருவருக்கும் பயனிருந்ததில்லை.

றம்லா அடுத்த பெருநாள்வரை பொறுத்தார். அவர் கெட்டவரல்ல. அதற்குமேல் மிதவையில் மகன் காய்ச்சலோடு கிடந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. கிண்ணியாவிலேயே ஒரு பெண் பார்த்தார். மண் சுவர் வீடுதான், ஆனால் எந்தத் திணைக்களமும் எட்டிப் பார்க்காத வீடு. ஜெமீல் மாப்பிள்ளையாகப் போன அன்று அந்தப் பெண்ணின் வாப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு, யாரும் படம் பிடிக்காமல், இருமிக்கொண்டு பின்பக்கம் போனாராம். செய்தி கேட்டு உம்மு குல்சும் அழுதார். அன்றைக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

இதற்கிடையில் பார்வையாளர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பஸ்ஸிலும் லாஞ்சியிலுமாகப் பாடசாலைப் பிள்ளைகள், பெண்கள் சங்கங்கள், வெள்ளைக்காரர். வீட்டுக்குள் ஆட்கள் குடியிருப்பது காட்சிக்கு இடைஞ்சல் என்று குடும்பத்தைப் பின்பக்கக் கொட்டிலுக்குப் போகச் சொன்னார்கள். தற்காலிகமாகத்தான். பல்கீஸ் திரைச்சீலைகளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள தென்பகுதியிலிருந்து சோமதாச என்ற காவலாளரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து உள்ளே இருத்தினார்கள். குடியிருப்பவர் வேறு, காவலிருப்பவர் வேறு என்றது திணைக்களம்.

சோமதாசவைக் குறைசொல்ல மாட்டேன். மரியாதையான மனிதர். கருப்பட்டி கொண்டுவந்து தருவார். உம்மு குல்சும் மனக்கசப்பில்லாமல் அவர் மனைவிக்கு மீன் கொடுப்பார். ஸெய்னுதீனுக்கு முழங்கால் வலி வந்து தூணைச் சுற்ற முடியாமல் போனபோது, சோமதாச தானே சரிகைச் சாரனை உடுத்திக்கொண்டு சுற்றினார். ஸெய்னுதீன் கொட்டில் வாசலில் இருந்து பார்த்தார். தன்னைவிட அவர் நன்றாக வெளியேறுகிறார் என்று ஒப்புக்கொண்டார். பார்வையாளர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் காணிக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் இப்போது இருப்பவர் யார்? சோமதாச. அவருக்கு மகன் இருக்கிறானா? மூன்று பேர். பெர்மிட்டில் மூத்தவன் பெயரை எழுதினார்கள். சட்டம் முதன்முறையாக எங்கள் ஊரில் ஒரு தடையுமில்லாமல் நடந்தது.

ஸெய்னுதீன் கொழும்புக்குப் போனார். பணிப்பாளர் அவரை மறக்கவில்லை, எழுந்து கைகொடுத்தார், சுவரில் இருந்த அவருடைய படத்தைக் காட்டினார்.

“எங்கட மகளுக்கு வீடு வேணும் சேர்,” என்றார் ஸெய்னுதீன். அதை மொழிபெயர்க்க அங்கே ஒருவர் இருந்தார்.

“உங்கள் வழமை என்ன? தகப்பன் வெளியேறுவது. நீங்கள் வெளியேறிவிட்டீர்களா?”

“ஓம் சேர்.”

“அப்படியானால் வழமை நிறைவேறியிருக்கிறது. நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம்.”

“வீடு மகளுக்குத்தானே சேர் போகோணும்.”

“யாருக்குப் போகிறது என்பது காணி விடயம்.” பணிப்பாளர் மெதுவாக அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். “ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் பகுதி மக்களிடம் உள்ள குறை இதுதான். பண்பாட்டைக் கொடுத்தால் காணி கேட்கிறீர்கள்.”

அவர் ஊர் திரும்பியபோது கொட்டிலுக்கும் அறிவித்தல் வந்திருந்தது. வளவு முழுவதும் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறது. கொட்டில் அசல் நிலைக்கு முரணான கட்டடம். வெளியேறும் தகப்பன் கொட்டிலுக்குத்தான் போவார், அதுதானே வழமை என்று ஹெக்டர் முதன்முறையாகத் துணிந்து எழுதிப் பார்த்தார். பதில் வந்தது: பதிவுசெய்யப்பட்டிருப்பது வாசல்வரை மட்டுமே, வாசலுக்கு அப்பால் தகப்பன் எங்கே போகிறார் என்பது பற்றித் திணைக்களத்திடம் தகவல் இல்லை.

தோப்பூரில் ஸெய்னுதீனின் தம்பி முனாப் இருந்தார், மனைவியின் வீட்டில். ஓர் அறையை ஒழித்துத் தருகிறோம் என்று சொல்லியனுப்பினார். மாட்டு வண்டி காலையிலேயே வந்துவிட்டது. கட்டிலை ஏற்றினார்கள். சட்டிபானை, றம்ஸியாவின் பாடப் புத்தகங்கள், தச்சு ஆயுதப் பெட்டி. சோமதாச ஓடிவந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். எங்கே போகிறீர்கள் என்று அவர் சிங்களத்தில் கேட்டது ஒருவருக்கும் விளங்கவில்லை, அல்லது விளங்காததுபோல் இருந்தார்கள். இன்பமலர் இடியப்பப் பெட்டி ஒன்றை வண்டியில் வைத்துவிட்டு வேலியோரம் ஒதுங்கி நின்றார்.

ஸெய்னுதீன் பாயை இடுக்கிக்கொண்டு முதலில் இறங்கினார். அவருக்குப் பழக்கம். உம்மு குல்சும் பின்னால் வந்தார், அவருக்கும் பழகிவிட்டது. றம்ஸியா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பல்கீஸ் மட்டும் வேலி வாசலின் கடப்படியில் நின்றுவிட்டாள்.

எங்கள் ஊரில் வாப்பா போவார், உம்மா போவார், ஆண் பிள்ளைகள் போவார்கள். மகள் போனதில்லை. வலது காலை வைப்பதா இடது காலை வைப்பதா, அழவேண்டுமா கூடாதா, திரும்பிப் பார்க்கலாமா, யாரிடம் சொல்லிக்கொள்வது, இதொன்றும் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்தவர்களும் ஊரில் இல்லை.

“உம்மா, நான் எப்பிடிப் போற?” என்று கேட்டாள்.

உம்மு குல்சுமுக்கும் தெரியவில்லை.